மரப்பட்டை பழுப்பு இல்லை: டயோரமா மரங்கள் பற்றிய கேள்வி பதில்

டயோரமா என்றால் ஒரு காட்சியைச் சிறிய அளவில் செய்துவைக்கும் மாதிரி. அதில் நடும் மரங்களைப் பற்றிய கேள்விகளை, கேட்டவரின் புனைபெயரோடு, வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். டாங்கிக்குப் பெயிண்ட் அடிப்பது, தண்டவாளம் பதிப்பது பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். மரம் மட்டும்.

புதுக்கை: முதல் மரம் செய்யப்போகிறேன். கம்பியா, காய்ந்த செடியா?

கம்பி. காய்ந்த செடியில் மரம் நன்றாக வந்தால் பெருமை செடிக்கு. கம்பியில்தான் உங்கள் கை பழகும்.

பழைய மின்வயரை உரித்து எடுத்த செம்புக் கம்பியே போதும். 1/87 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காகச் செய்யும்போது, பத்து மீட்டர் மரம் என்றால் சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதற்கு அரை மில்லிமீட்டர் கம்பியில் முப்பது இழை, உயரத்தைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். அடியில் கொஞ்சம் முறுக்காமல் விடுங்கள், அது வேருக்கு. தண்டு முடியும் உயரம்வரை எல்லாவற்றையும் சேர்த்து முறுக்குங்கள். அங்கே ஐந்தாறு இழையை விலக்கினால் முதல் கிளை. அதை இரண்டாகப் பிரித்து முறுக்கி, மறுபடி பிரித்து, நுனியில் ஒற்றை இழை நிற்கும்வரை போங்கள். மிச்ச இழைகளை இன்னும் கொஞ்சம் மேலே முறுக்கி, அடுத்த கிளையை வேறு பக்கம் விடுங்கள். எதிரெதிரே ஜோடியாக விட்டால் மீன்முள் ஆகிவிடும்.

லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் ஒன்று எழுதிவைத்திருக்கிறார்: எந்த உயரத்தில் பார்த்தாலும், கிளைகளின் பருமனையெல்லாம் கூட்டினால் அடிமரத்தின் பருமன் வரும். கம்பி மரத்தில் இந்தக் கணக்கு தானாகவே சரியாகிவிடுகிறது. அடியில் முப்பது இழை, மேலேயும் அதே முப்பது, பிரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். இலை ஒட்டாமலே கம்பி மரம் மரமாகத் தெரிவதும், குச்சியில் குச்சி ஒட்டிய மரம் தெரியாததும் இதனால்தான்.

வளைக்க வேண்டியதையெல்லாம் வளைத்த பிறகு, வால் புட்டியில் வெள்ளைப் பசையும் கொஞ்சம் தண்ணீரும் குழைத்து இரண்டு மெல்லிய பூச்சு. பூசிய பிறகு வளைத்தால் வெடிக்கும். முக்கால்வாசி காய்ந்ததும் ஊசியால் நெடுக்காகக் கீறுங்கள். நிறம்: சாம்பல். பழுப்பு பாட்டிலை மூடி வையுங்கள். வெளியே போய் பத்து மரத்தைப் பாருங்கள், அப்புறம் வந்து சண்டை போடுங்கள். நடுத்தரச் சாம்பல் அடித்து, நீர்த்த கறுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேடுகளில் வெளிர் சாம்பலை உலர் பிரஷ்ஷால் (பெயிண்ட்டில் தொட்டு, பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்) தேய்த்தால் போதும்.

சிறுகாடு: இலைக்கு ஸ்பாஞ்சு போதுமா?

1/160க்குப் போதும். தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் அரைத்து, காயவைத்து, சலித்துக்கொள்ளுங்கள். அந்த மிக்ஸி பிறகு சமையலுக்கு ஆகாது. 1/35க்குப் போதாது. ஏழு சென்டிமீட்டர் இலை அங்கே இரண்டு மில்லிமீட்டர், கண்ணுக்கு இலையாகவே தெரியும். பிர்ச் மரத்தின் காய்க்கொத்தை உதிர்த்தால் மூன்று மடலாகச் சின்னச் செதில் வரும், அதைத்தான் பலரும் இலையாக ஒட்டுகிறார்கள். விதையைச் சலித்துப் பிரித்துவிடுங்கள்.

டாங்கி: 1/35இல் பழுப்பு அடிமரத்துக்கு எந்த நிறம் நல்லது?

சாம்பல்.

ரயில்பெட்டி: உயரத்தை மாடலின் அளவு விகிதத்தில் கணக்குப் போடச் சொல்கிறீர்கள். 25 மீட்டர் மரம் 1/87இல் 29 சென்டிமீட்டர். என் மலையே அவ்வளவு உயரம் இல்லை! ரயில் மாடல் செய்பவர்கள் எல்லோரும் 12, 15 சென்டிமீட்டரில் நிறுத்துகிறோம். அது தப்பா?

டாங்கி: தப்புதான். மனிதன் சரியான அளவு, வண்டி சரியான அளவு, மரம் மட்டும் பாதியா?

ரயில்பெட்டி: 1/35இல் பதினைந்து மீட்டர் மரம் 43 சென்டிமீட்டர். நீங்கள் வைக்கிறீர்களா?

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 12 சென்டிமீட்டரில் ஒரு தப்பும் இல்லை. அது பத்து மீட்டர் மரம், அப்படி எத்தனையோ நிற்கின்றன. தப்பு எங்கே என்றால், அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரில் நூறு வயது மரத்தின் உருவத்தைச் செய்வதில். பத்து மீட்டர் மரத்துக்கு அடிமரம் முப்பது சென்டிமீட்டர் குறுக்களவு இருந்தால் தாராளம், 1/87இல் மூன்றரை மில்லிமீட்டர். நீங்கள் வைப்பதோ விரல் தடிமன்! பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் மனிதன் நின்றதும் கண் கண்டுபிடித்துவிடுகிறது. கிழட்டு மரத்தைச் சுருக்காதீர்கள், இளம் மரத்தைச் செய்யுங்கள்.

டாங்கிக்கு: 43 சென்டிமீட்டர் வேண்டாம் என்றால் மரத்தை வெட்டுங்கள். குண்டு பட்டு முறிந்த அடிமரம், விளிம்பிலிருந்து உள்ளே நீளும் ஒரே ஒரு கிளை. சட்டகத்துக்கு வெளியே மிச்ச மரம் இருப்பதாகப் பார்ப்பவரே நினைத்துக்கொள்வார்.

ரயில்பெட்டி: அப்படியானால் அடர்ந்த பழைய காடு என்னால் செய்யவே முடியாதா?

முடியும். முன்வரிசையில் மட்டும் உயரமான மரங்கள், அடிமரம் தெரிய. பின்னால் போகப் போகச் சின்னது, நிறமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறட்டும். கடைசி வரிசைக்கு அடிமரமே வேண்டாம், இலைத்தொகுதி போதும்.

டாங்கி: அது ஏமாற்று.

ஆமாம்.

நார்: ஸ்டேடிக் கிராஸ் கருவியால் (மின்னேற்றத்தால் நாரை நிமிர்ந்து நிற்க வைப்பது) சிறு கிளை வருமா? எனக்கு நார் எல்லாம் படுத்துவிடுகிறது.

வரும், மிக நன்றாக வரும். கருவியின் கிளிப்பை மரத்தின் அடிக்கம்பியில் மாட்டினீர்களா? பூச்சு போடாத செம்பில் நேராக மாட்டுங்கள். கிளைகளுக்கு ஸ்ப்ரே பசை அடித்து, நாலு மில்லிமீட்டர் நாரைத் தூவினால் கம்பியிலிருந்து வெளிநோக்கி நிற்கும். காய்ந்தபின் மறுபடி பசை, இந்த முறை இரண்டு மில்லிமீட்டர். அதன்மேல் இலைத்தூள். கருவி ஓடும்போது கிளிப்பைத் தொடாதீர்கள், சுரீர் என்று இழுக்கும். ஸ்ப்ரே எதுவானாலும் ஜன்னலைத் திறந்து, முகமூடி போட்டு, நெருப்பு இல்லாத இடத்தில்.

கொத்து: ஸ்பாஞ்சு போதுமா?

சிறுகாடு கேட்டதற்குச் சொன்னதுதான்.

ஊசியிலை: பைன் மரம்?

இரண்டு கம்பிகளுக்கு நடுவே சணல் நாரைப் பரப்பி, ஒரு முனையை டிரில்லில் மாட்டி மெதுவாக முறுக்குங்கள். கூம்பாக வெட்டிய பிறகு அங்கங்கே நாரைப் பிய்த்து ஓட்டை விடுங்கள். அந்தக் கடைசி வேலையைச் செய்யாதவர்கள் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நட்டுவைக்கிறார்கள்.

பச்சை: மரங்கள் பொம்மை மாதிரி இருக்கின்றன. இலை நிறம்தான் காரணமா?

பாதி. கடைப் பச்சை மிகவும் பளீர், கொஞ்சம் மஞ்சளும் துளி சாம்பலும் வேண்டும். அடிப்பக்கம் இருட்டு, மேல்பக்கம் வெளிச்சம். மறுபாதி, ஓட்டை இல்லாதது. கிளைக்கும் கிளைக்கும் நடுவே வானம் தெரிய வேண்டும். வெள்ளைப் பசை பளபளத்தால் மேலே மேட் வார்னிஷ் ஒரு சுற்று.

உலர்: பறித்த செடி நொறுங்குகிறது.

பறித்த சூட்டோடு, ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீரில் சில நாள் நிற்கவிடுங்கள். ஏற்கெனவே காய்ந்ததற்கு இது உதவாது.

தெர்மாகோல்: தெர்மாகோல் மலையில் மரம் நட்டு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன், மலை உருகிவிட்டது. மரத்துக்குப் பழுப்பு...

சாம்பல்! கரைப்பான் கலந்த ஸ்ப்ரே தெர்மாகோலைத் தின்னும். மரத்துக்குத் தனியாகப் பெயிண்ட் அடித்து, காய்ந்தபின் நடுங்கள். அடிக்கம்பியில் நாலைந்து இழையை ஆணிபோல முறுக்கி, மலையில் துளையிட்டுச் செருகினால் போதும், பசை வேண்டாம். எங்காவது எடுத்துப் போகும்போது மரங்களைப் பிடுங்கித் தனிப் பெட்டியில் குத்திக்கொள்ளலாம்.