பாதி ஆண்டெனா

அன்புள்ள ஐயா,

கேரளத்து மறையூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். போன வருடம் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் கிடைத்தது. கையில் 5 வாட் செட் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்காலக் கல்லறைகளான முனியறைகள் உள்ள பாறைமேல் உட்கார்ந்து நாற்பது மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் பேச ஆசை. பைக்குள் அடங்கும் இரண்டரை மீட்டர் டெலஸ்கோப்பிக் விப் (இழுத்து நீட்டும் குச்சி ஆண்டெனா) ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் 1:1 வருகிறதாம். விலைதான் இடிக்கிறது. அதை வாங்கலாமா? மேக்னெடிக் லூப் (வளைய ஆண்டெனா) நல்லதா, இல்லை வெறும் கம்பியா?

மறையூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

வாங்காதீர்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் இந்த எஸ்டபிள்யூஆர் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

1:1 வருகிறதாம்! பவரைச் சூடாக மட்டும் மாற்றும் ஐம்பது ஓம் டம்மி லோடைச் செருகிப் பாருங்கள், இதைவிட அழகாக 1:1 வரும். அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது. போன பவர் திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் மீட்டர் சொல்லும். அது வானத்துக்குப் போனதா, சூடாகித் தொலைந்ததா என்பது அதற்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர் இதை யோசிக்க வேண்டாமா?

7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் பத்து மீட்டருக்கு மேல். இரண்டரை மீட்டர் குச்சியை ஒரு காயில் (கம்பிச் சுருள்) போட்டு ட்யூன் செய்துவிடலாம், சரி. ஆனால் பவரை அலையாக வெளியே அனுப்பும் அதன் கதிர்வீச்சுத் தடை ஓரிரு ஓம்தான். பவரை விழுங்கும் காயிலும் தரையும் சேர்ந்து பத்துப் பதினைந்து ஓம் இருக்கும். உங்கள் 5 வாட்டில் அரை வாட் வெளியே போனால் அதிர்ஷ்டம். 100 வாட்காரரைவிட ஏற்கெனவே 13 டெசிபல் (இருபதில் ஒரு பங்கு பவர்) கீழே இருக்கிறீர்கள். இன்னொரு 10 டெசிபலைப் பாறைக்குத் தானம் செய்யப் போகிறீர்களா? வேடிக்கை என்னவென்றால், அந்தக் குச்சிக்கு அடியில் நாலைந்து நீளக் கம்பிகளை விரித்தால் பல சமயம் எஸ்டபிள்யூஆர் மோசமாகும், சிக்னலோ ஏறும். இழப்பு குறைந்ததால் வந்த கோளாறு அது. அதைப் பார்த்துப் பயந்து கம்பியைச் சுருட்டி வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

கடையில் தருவது பாதி ஆண்டெனா. மீதிப் பாதி தரை. பீர்மேட்டில் நாங்கள் இருந்த தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசை) பாட்டரியில் ஓடும் வால்வு செட் ஒன்று இருந்தது. பின்பக்கம் இரண்டு துளை, ஒன்று ஏரியலுக்கு, ஒன்று எர்த்துக்கு. ஏரியல் கம்பி ஜன்னல் வழியாகப் போய் சில்வர் ஓக் மரத்தில் ஏறும். எர்த் கம்பியை அப்பா ஒரு செம்புத் தகட்டில் பற்றவைத்து, பாத்திரம் கழுவும் தண்ணீர் விழுகிற இடத்தில் புதைத்திருந்தார். மாசி, பங்குனியில் மண் காய்ந்ததும் சிலோன் ரேடியோ கரகரக்கத் தொடங்கும். அப்பா எழுந்து போய் அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருவார். கொஞ்ச நேரத்தில் பாட்டு தெளியும். தண்ணீர் சுமந்து வந்த அம்மாவுக்கு வயிறு எரியும். "மனுசனுக்கே குடிக்கத் தண்ணியில்ல, இங்க ரேடியோவுக்குத் தாகம்!"

நீங்களோ மழை மறைவுப் பகுதியில், அதுவும் மொட்டைப் பாறைமேல் குச்சியை நட்டு வைக்கப் பார்க்கிறீர்கள். எத்தனை குடம் கொட்டுவீர்கள்?

லூப் கெட்டதில்லை, அதற்குத் தரையும் வேண்டாம். ஆனால் ஃப்ரீக்வென்ஸியைக் கொஞ்சம் நகர்த்தினாலே மறுபடி ட்யூன் செய்ய வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு முனையில் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அரை அலைக் கம்பியும் சரிதான், ஒரே மரம் போதும். ஆனால் முதலில் டைபோல். அதற்கு இரண்டு பாதியும் கம்பிதான், தரையைக் கெஞ்ச வேண்டியதில்லை. சாதாரண மெல்லிய எலெக்ட்ரிக் ஒயர், பக்கத்துக்குப் பத்து மீட்டர். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். எடை கால் கிலோகூட வராது. நடுவை ஆறேழு மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, இரண்டு முனையையும் நைலான் கயிற்றில் தாழ்த்திக் கட்டுங்கள். அந்த உயரத்தில் சிக்னல் பெரும்பாலும் நேர் மேலேதான் போகும். பகலில் அயனமண்டலத்தில் பட்டு மதுரைக்கும் கோவைக்கும் இறங்கும். இதற்கு மலையுச்சியே தேவையில்லை. உச்சி வேண்டியது, அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும் விஹெச்எஃப்காரர்களுக்கு. உங்கள் பள்ளி மைதானம் போதும்.

முனியறையை விட்டுவிடுங்கள். பெருங்கற்காலத்து ஆட்கள் நிம்மதியாகப் படுத்திருக்கிற இடத்தில் கயிறு கட்டாதீர்கள். சந்தன மரத்திலும் வேண்டாம், ஃபாரஸ்ட்காரர்களிடம் டைபோலை விளக்கிச் சொல்லி முடிவதற்குள் உங்கள் லைசென்ஸ் காலாவதியாகிவிடும். கரண்ட் லைன் பக்கம் கயிறு வீசவே கூடாது, இதில் தமாஷ் இல்லை.

ஞாயிறு காலையிலேயே கம்பியை ஏற்றுங்கள். யார் யார் பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள், மீட்டர் காட்டிய எண் எனக்கு வேண்டாம். துலா மாதம் (ஐப்பசி), மத்தியானத்துக்கு மேல் இடி கேட்டால் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்பியை இறக்கிவிடுங்கள்.