மைவியில் சிப்பாங் போகிறீர்களா? முதல் காசு பிரேக்குக்கு

கேள்வி: அண்ணே, நான் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். 2022 பெரோடுவா மைவி 1.5 கார் வைத்திருக்கிறேன், ஒன்பது வருடக் கடன். அடுத்த மாதம் கூட்டாளிகளோடு சிப்பாங் சர்க்கிட்டில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போகிறோம். எனக்கு இதுதான் முதல் தடவை. சிரம்பானில் ஒரு கடையில் விசாரித்தேன். கோய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), பெரிய பிரேக் செட், ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், செமி ஸ்லிக் டயர் (பள்ளம் குறைந்த, பந்தய டயருக்கு நெருக்கமான ரகம்) எல்லாம் சேர்த்து 6,800 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் இல்லாமல் உள்ளே போனால் ஆபத்து என்கிறார்கள். எதை வாங்க, எதை விட?

பதில்: அந்தச் சீட்டை மடித்து வைத்துவிடுங்கள் தம்பி. அதில் இருக்கும் சாமான் பெரும்பாலும் காரை வேகமாக ஓட வைக்கத்தான். முதல் தடவை போகிறவருக்கு வேண்டியது நிற்கிற கார். அப்புறம், திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிற கார்.

சிப்பாங் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த பாதை. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நேர்ப்பாதை இரண்டு உண்டு. இரண்டின் முடிவிலும் நன்றாக வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். உங்கள் மைவி அங்கே மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். 160-இல் போகும் காரை நிறுத்தும்போது பிரேக்கில் ஏறும் சூடு, 80-இல் நிறுத்துவதைப் போல நான்கு மடங்கு. தோட்டத்துச் சாலையில் அப்படி ஒரு பிரேக் வருடத்துக்கு ஒரு முறைகூடப் போட மாட்டீர்கள். அங்கே சுற்றுக்கு இரண்டு முறை, இடையில் சின்னச் சின்னதாக இன்னும் பல.

அதனால் முதல் செலவு பிரேக் எண்ணெய். இது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். டாட் என்பது பிரேக் எண்ணெயின் தர வரிசை. புது டாட் 3 எண்ணெயின் கொதிநிலைக்குத் தரம் கேட்கும் குறைந்த அளவு 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. எண்ணெய் கொதித்தால் உள்ளே ஆவி சேரும், மிதியை அழுத்தினால் தரை வரை இறங்கும், கார் நிற்காது. கார் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்றால், பானெட்டைத் திறந்து அந்தச் சின்ன டப்பாவைப் பாருங்கள். புது எண்ணெய் வெளிர் மஞ்சளாக இருக்கும். பழசு பால் ஊற்றாத தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். ஆனால் நிறம் நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

பட்டறையில் டாட் 4 அல்லது டாட் 5.1 கேளுங்கள். சீல் உடைக்காத புட்டியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அலமாரியில் பாதி மிச்சமிருக்கும் புட்டி வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். டப்பாவில் மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றும் பொமன்கள் (மெக்கானிக்குகள்) இருக்கிறார்கள். நான்கு சக்கரத்திலும் குழாய் மாட்டிப் பழசு முழுக்க வெளியே வரும்வரை எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டார். டாட் 5 என்று ஒன்று இருக்கிறது. எண் பெரிது, அதனால் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சிலிகான் எண்ணெய், உங்கள் காருக்கு ஆகாது.

இரண்டாவது பிரேக் பேட். முன் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான ரகம் போதும். பந்தயத்துக்கென்றே செய்த பேட் சூடானால்தான் பிடிக்கும். காலையில் தோட்டத்து வாசலில் மாடு குறுக்கே வந்தால் அது பிடிக்காது. புது பேட் போட்டதும் நேராக சிப்பாங் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத சாலையில் 60-இலிருந்து 10 வரை மெதுவாகக் குறைப்பதும், மறுபடி வேகமெடுப்பதுமாகப் பல முறை செய்து, பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்கள். பின்னால் உங்களுக்கு டிரம் பிரேக்தான். அதைக் கழற்றித் தூசி துடைத்து, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெரிய பிரேக் செட் இப்போது தேவையே இல்லை.

மூன்றாவது டயர். இருக்கிற டயர் நன்றாக இருந்தால் அதிலேயே போங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 22-வது வாரம் செய்தது. வயதானது, வெடிப்பு விட்டது, பக்கம் வீங்கியது எதுவும் கூடாது. செலுப் டயர் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) போட்டிருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். கடைக்காரர் சொல்லும் செமி ஸ்லிக் காய்ந்த பாதையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சிப்பாங்கில் மாலை மழை சாதாரணம். தண்ணீர் தேங்கிய பாதையில் அதை ஓட்டுவது பழகியவருக்கே கஷ்டம். பிடிப்பு அதிகமான டயர், புதியவரின் தப்பையும் மறைத்துவிடும். எங்கே மிஞ்சினோம் என்று தெரிவதற்குள் கார் சறுக்கிவிடும்.

காற்றழுத்தத்தைக் கதவோரத்து ஒட்டியில் இருக்கிற அளவுக்கு வையுங்கள். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது எதுவரை அழிந்திருக்கிறதோ, அதுவரை டயர் மடிந்திருக்கிறது. சூட்டில் அழுத்தம் ஏறும். ரொம்ப ஏறியிருந்தால் கொஞ்சம் இறக்கலாம். வீடு திரும்பும் முன் மறுபடி நிரப்ப மறக்காதீர்கள்.

நீங்கள் தோட்டத்தில் இருக்கிறீர்கள், அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்மண் சாலையும் லாரி விட்ட பள்ளமும் காரின் அடியை நன்றாகப் பதம் பார்த்திருக்கும். ஜாக்கியில் தூக்கி லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோய்லோவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு துண்டு இதற்குப் போதும். ரிம்முக்குள் காய்ந்த மண் ஒட்டியிருந்தால் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். டயர் கோளாறு என்று நினைத்துப் பயந்துவிடுவீர்கள். ரேடியேட்டர் முகப்பில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால் குறைந்த அழுத்தத்துத் தண்ணீரால் கழுவுங்கள். ஏர் ஃபில்டர் செம்மண்ணில் சிவந்திருந்தால் கம்பெனி ஃபில்டரையே புதிதாகப் போடுங்கள். கடைக்காரர் காட்டியது வேண்டாம். எக்ஸாஸ்ட் மாற்றினால் டிராக்கில் வேகம் வருவதற்கு முன் சாலையில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் வரும்.

உங்கள் காரில் சிவிடி கியர், அதாவது படி இல்லாமல் தானாக மாறும் ரகம். நீண்ட நேரம் முழு அழுத்தத்தில் ஓடினால் அதன் எண்ணெயும் கொதிப்பேறும். எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ வேகம் குறைந்தாலோ உள்ளே வந்துவிடுங்கள், வேறு எதையும் யோசிக்காதீர்கள். அந்த எண்ணெயை மாற்றுவதானால் கம்பெனி சொல்லும் ரகம் மட்டும்தான். விஎஸ்சி (கார் சறுக்காமல் கட்டுப்படுத்தும் வசதி) எப்போதும் போட்டே இருக்கட்டும். முன்னால் கார் நெருங்கினால் தானாக பிரேக் போடும் வசதி இருந்தால், டிராக்கில் அதை எப்படி அணைப்பது என்று கையேட்டைப் படித்துவிட்டுப் போங்கள்.

காருக்குள் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். ஓட்டுநர் பக்கத்து விரிப்பு, குடை, தண்ணீர்ப் புட்டி, ஜாக்கி, ஸ்பேர் டயர் எல்லாம் வெளியே. டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் அன்று ஒரு நாள் வீட்டுச் சாமி மேடையிலேயே விட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். 100-இல் அடிக்கும் பிரேக்கில் அவர் ஓட்டுநரின் மடிக்கு வந்துவிடுவார்.

சக்கர நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் சாவியால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் மறுபடி பாருங்கள். கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற விட்டு, நின்றதும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல் பி கியரில் நிறுத்தி, டயருக்குக் கட்டை வையுங்கள். ஒரு சுற்றுக்கு உங்கள் காருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். இருபது நிமிடத்தில் ஆறு சுற்று வந்தாலே தாராளம். அன்று மாலை வீடு திரும்பும் வழியில் புக்கிட் புத்துஸ் மலை இறக்கத்தில் உங்களை நிறுத்தப்போவதும் இதே பிரேக்தான்.

மிச்சக் காசில் ஒரு பயிற்றுநரை அமர்த்த முடியுமா என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரும் ஒரு மணி நேரம், அந்தக் கடைச் சாமான் மொத்தத்தையும்விட உங்களை வேகமாக்கும். மெதுவான பிரிவில் பெயர் கொடுங்கள். கொடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தாதே, சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாகப் பிட்டுக்கு (பாதையோரம் கார்கள் நிற்கும் இடம்) திரும்பு, நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. உங்களுக்கு நீலம்தான் அதிகம் காட்டுவார்கள். வெட்கப்படாமல் வழி விடுங்கள்.

கேள்வி: ஐயா, மகன் காரை எடுத்துக்கொண்டு ரேஸ் பாதைக்குப் போகிறானாம். கார் என் பெயரில், இன்சூரன்ஸும் என் பெயரில். அங்கே ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கொடுக்குமா? வங்கிக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. (ஜெம்போல் வாசகர்)

பதில்: கொடுக்காது என்று நினைத்துக்கொண்டே முடிவெடுங்கள் ஐயா. நம் நாட்டில் சாதாரணக் கார் பாலிசியில், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காரைப் பயன்படுத்தினால் இழப்பீடு இல்லை என்ற விலக்கு வழக்கமாக இருக்கும். ‘இது பந்தயமில்லை, பழகத்தானே போனான்’ என்று வாதாட இடம் தேடாதீர்கள். கம்பெனிக்கு எழுதி, டிராக் டேக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் தொலைபேசியில் ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்றால் அதற்கு மதிப்பில்லை.

கடன் விஷயம்தான் உங்களை அதிகம் கடிக்கும். வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும்வரை கார் வங்கிக்குச் சொந்தம். கார் நொறுங்கி, இன்சூரன்ஸும் இல்லையென்றால், இல்லாத காருக்கு மாதா மாதம் நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். மகன் கையெழுத்திடும் படிவத்தையும் நீங்கள் படியுங்கள். தடுப்புச் சுவர் சேதமானால் யார் கட்டுவது, காரை இழுத்து வர யார் செலவு என்பது அதில் இருக்கும். புது காராக இருந்தால் வாரண்டியையும் பாருங்கள். பெரோடுவாவுக்கு 5 வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. பந்தய உபயோகத்தால் வந்த பழுதை வாரண்டியில் எதிர்பார்க்க வேண்டாம். மகனுடைய தனிநபர் விபத்துக் காப்புறுதியிலும் இதே விலக்கு இருக்கலாம்.

மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கார் நொறுங்கினால் மிச்சக் கடனை நீ கட்டுவாயா? பதில் தயங்காமல் வந்தால் சாவியைக் கொடுங்கள்.

கேள்வி: அண்ணா, இணையத்தில் பிரபல பிராண்ட் பிரேக் பேட் பாதி விலைக்குக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். பெட்டியில் எழுத்துப்பிழை இருக்கிறது. ஓரமும் தானாகப் பொடிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அதைக் காரில் மாட்டாதீர்கள். இரண்டாவது, தளத்தில் ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் காசு விற்பவருக்குப் போய்விடும். பெட்டி, எழுத்துப்பிழை, பொடிந்த ஓரம், தொகுப்பு எண் எல்லாவற்றையும் படமெடுத்து, காசைத் திரும்பக் கேட்டு அந்தத் தளத்திலேயே புகார் போடுங்கள். அரட்டையில் விற்பவர் ‘இது ஒரிஜினல்’ என்று எழுதியிருந்தால் அதையும் படமெடுங்கள்.

அது நடக்கவில்லை, விற்பவர் மலேசியாவில் இருக்கிறார் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். உள்நாட்டு வாணிப அமைச்சிலும் போலிப் பொருள் என்று புகார் கொடுங்கள். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் தளத்தின் புகார்க் காலம்தான் உங்களுக்கு மிஞ்சும் வழி. ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டே போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: சாதாரண டிராக் டேயில் பல ஏற்பாட்டாளர்கள் முகம் மூடும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை ஒப்புக்கொள்வார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். தலை பாதி தெரியும் ஹெல்மெட், சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஒட்டி இல்லாதது, ஒரு முறை கீழே விழுந்தது மூன்றும் வேண்டாம். காருக்கென்று செய்த எஸ்ஏ தர ஹெல்மெட்டுக்கு நெருப்புச் சோதனையும் உண்டு, விலையும் அதிகம். தொடர்ந்து போகப் போகிறீர்கள் என்றால் பார்க்கலாம். முழுக்கை பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, மெல்லிய அடிப்பாகமுள்ள மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். காலையில் நன்றாகப் பசியாறிவிட்டுப் போங்கள், தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் வெயில் வேறு மாதிரி இருக்கும்.