பென்டிரைவைக் கண்டுகொள்ளாத கம்ப்யூட்டர்

கேள்வி: சார், விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுபோனதால் என் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் போடலாம் என்று இறங்கினேன். ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து பென்டிரைவில் காப்பி செய்தேன். பவர் போட்டதும் போர்டில் முதலில் ஓடும் பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் (எதிலிருந்து துவங்குவது என்ற பட்டியலில்) யூஎஸ்பியை முதலில் வைத்தேன். அப்படியும் நேராக விண்டோஸுக்கே போனது. ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட், சாட்டா மோடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். இப்போது விண்டோஸும் நீலத்திரை காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: மதர்போர்டு பாவம், அதை விட்டுவிடுங்கள். முதலில் நீலத்திரையைச் சரிசெய்வோம். ஹார்டு டிஸ்க்கோடு போர்டு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்வதுதான் சாட்டா மோடு. பென்டிரைவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏஎச்சிஐ முறையில் விண்டோஸ் போட்டிருக்கும்போது அதை ஐடிஇ என்றோ ரெய்டு என்றோ மாற்றினால், விண்டோஸ் தன்னுடைய டிஸ்க்கையே காணாமல் திணறி நின்றுவிடும். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வையுங்கள், எழுந்துவிடும். இனிமேல் பயாஸுக்குள் போனால் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

உங்கள் கோளாறு 'காப்பி செய்தேன்' என்ற இடத்தில் இருக்கிறது. ஒரு முழு நிறுவல் டிஸ்க்கையே ஒரே ஃபைலாகச் சுருட்டி வைத்ததுதான் ஐஎஸ்ஓ. அதை அப்படியே பென்டிரைவில் போடுவது, வீட்டு வரைபடத்தைச் சுருட்டி மனையில் வைத்துவிட்டு வீட்டைக் காணோமே என்று தேடுவது மாதிரி. பவர் போட்டதும் கம்ப்யூட்டர் பென்டிரைவில் எதைத் தேடுகிறது? பழைய பயாஸ் முறை என்றால் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகளில் 55, ஏஏ என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். பயாஸின் புதிய வாரிசான யூஇஎஃப்ஐ முறை என்றால், ஃபேட் என்ற வகையில் ஃபார்மட் செய்த பகுதி ஒன்றைத் தேடி, அதில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். நீங்கள் போட்ட ஐஎஸ்ஓவுக்குள் இவை இருந்தாலும், அதைப் பிரித்துப் பார்க்கிற வேலையை எந்தப் போர்டும் பொதுவாகச் செய்வதில்லை. 'இதில் ஒன்றுமில்லை' என்று அடுத்த இடமான உங்கள் ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடுகிறது. அது நியாயமும்கூட.

ரூஃபஸ் அல்லது எட்சர் மாதிரி ஒரு புரோகிராமால் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்துத் திரும்பச் செருகும்போது சில சமயம் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்கும். லினக்ஸ் எழுதிய பகுதி அதற்குப் புரியாததால் வருகிற கேள்வி அது. அங்கே 'சரி' என்று அழுத்திவிட்டு, பூட் ஆகவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்கள் ஏராளம். கேன்சல் கொடுங்கள்.

அடுத்து, எழுதிய பென்டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி பூட் ஆகிறதா பாருங்கள். அங்கே ஆகவில்லை என்றால், உங்கள் பயாஸைத் தொடுவதற்கு முன் பென்டிரைவைத்தான் திரும்ப எழுதிப் பார்க்க வேண்டும். என் மேசையில் சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவ் ஒன்று தனியாக இருக்கிறது. அதில் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற புரோகிராம் மட்டும்தான் உண்டு. எந்த மெஷின் வந்தாலும் முதலில் அதைத்தான் செருகுவேன். அது துவங்கினால், யூஎஸ்பியில் பூட் ஆவதில் மெஷின் பக்கம் பழுதில்லை, வந்தவர் கொண்டுவந்த பென்டிரைவைச் சந்தேகிக்கலாம். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பூட் வரிசையை மாற்றவே தேவையில்லை. பவர் போட்டதும் பூட் மெனு சாவியைத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும். அசுஸ் போர்டுகளில் பெரும்பாலும் எஃப்8, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் என்றால் எஃப்11, ஜிகாபைட், டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. சாவிக்கு மசியவில்லை என்றால், விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வருகிற நீலப் பக்கத்தில் யூஇஎஃப்ஐ அமைப்புக்குப் போகும் வழி இருக்கும். அங்கே ஃபாஸ்ட் பூட்டை மட்டும் அணையுங்கள். வேகமாகத் துவங்க வேண்டும் என்று யூஎஸ்பியைத் தட்டி எழுப்பாமலே விட்டுவிடுகிற போர்டுகள் உண்டு.

கேள்வி: 2007 வாக்கில் வாங்கிய மெஷின். பூட் வரிசையில் யூஎஸ்பி-எஃப்டிடி, யூஎஸ்பி-ஜிப், யூஎஸ்பி-எச்டிடி என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் வைத்துப் பார்த்தேன், பலனில்லை.

பதில்: அந்தக் காலத்து பயாஸ்கள் பலவும் பென்டிரைவை ஒரு ஹார்டு டிஸ்க்காகத்தான் எண்ணும். பென்டிரைவைச் செருகிய நிலையிலேயே உள்ளே போய், 'ஹார்டு டிஸ்க் பூட் பிரையாரிட்டி' என்ற தனிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்குக்குக் கீழே உங்கள் பென்டிரைவின் பெயர் பதுங்கியிருக்கும். அதை மேலே ஏற்றிவிட்டு, பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க்கையே முதலாவதாக வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் டிவிடியில் எழுதிப் போடுவதே மேல். இன்னொன்றையும் கவனியுங்கள். ப்ராஸஸர் 32-பிட் மட்டும் என்றால், இன்றைய லினக்ஸ் பதிப்புகளில் பெரும்பாலானவை அதில் ஓடாது.

கேள்வி: விண்டோஸ் 11 பென்டிரைவ் பூட் மெனுவில் இரண்டு தடவை தெரிகிறது, ஒன்றின் முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ என்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கில் எம்பிஆர் அமைப்பு இருப்பதால் நிறுவ முடியாது என்கிறது. டிஸ்க்கை 'கிளீன்' செய்யச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: நண்பருக்கு உங்கள் ஃபோட்டோக்கள் மேல் அக்கறை இல்லை போலிருக்கிறது. 'கிளீன்' கொடுத்தால் அந்த டிஸ்க்கின் பிரிவுகள் எல்லாம் போய்விடும், டி டிரைவ், இ டிரைவ் எதுவும் மிஞ்சாது. ஒரே பென்டிரைவ் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் துவங்க முடிவதால்தான் இரண்டு தடவை தெரிகிறது. விண்டோஸ் 11-க்கு நீங்கள் தேர்ந்தெடுத்ததுதான் சரி. டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் முறையில் பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. யூஇஎஃப்ஐயில் துவங்கினால் விண்டோஸ் ஜிபிடி அமைப்பைக் கேட்கும், உங்கள் டிஸ்க் எம்பிஆரில் இருக்கிறது, சண்டை அவ்வளவுதான். இப்போதுள்ள விண்டோஸ் 10 ஓடுகிறதல்லவா? அதிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்து சேர்ந்தே வருகிறது. ஃபைல்களை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் முக்கியமானவற்றை வெளியே காப்பி எடுக்காமல் தொடாதீர்கள். மாற்றிய பிறகு பயாஸில், பழைய முறைக்கும் இடம் கொடுக்கும் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால் அப்போது திரை கறுத்துப் போகலாம். பதறாதீர்கள், பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் சிமாஸை ரீசெட் செய்தால் பெரும்பாலும் திரை திரும்ப வரும்.

கேள்வி: விண்டோஸ் ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளிருப்பதை ஃபேட்32 பென்டிரைவில் காப்பி செய்கிறேன். இன்ஸ்டால்.விம் மட்டும் ஏற மறுக்கிறது. பென்டிரைவில் 20 ஜிபிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது.

பதில்: ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்டக்கூடாது, எவ்வளவு காலியிடம் இருந்தாலும் சரி. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலையே ஓடவிடுங்கள், ஃபைலைச் சுருக்கித் தருகிறது. ரூஃபஸும் இதைச் சமாளித்துவிடும்.

கேள்வி: பழைய லினக்ஸ் பென்டிரைவ் போன வருடம் வரை நன்றாகத் துவங்கியது. இப்போது 'ஷிம்', 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று ஏதோ சொல்லிவிட்டு அணைந்துவிடுகிறது. செக்யூர் பூட்டை அணைத்துவிடலாமா?

பதில்: கையெழுத்துச் சரியாக உள்ள புரோகிராம்களை மட்டும் துவங்கவிடும் காவல்தான் செக்யூர் பூட். அணைத்தால் ஓடும். ஆனால் கம்ப்யூட்டர் வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் அதைத்தான் சொல்கிறார்கள் என்பதாலேயே எனக்கு அதில் விருப்பமில்லை. பழைய, ஓட்டையுள்ள பூட் லோடர்களை (இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் புரோகிராம்கள், ஷிம்மும் அதில் ஒன்று) ஒதுக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு பல பழைய லினக்ஸ் பென்டிரைவ்கள் இப்படி நின்றுபோயின. புதிய பதிப்பின் ஐஎஸ்ஓவை எடுத்து எழுதுங்கள், செக்யூர் பூட் அதன் பாட்டுக்கு இருக்கட்டும். அணைத்தே தீரவேண்டும் என்றால், விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இருந்து நீங்கள் அணைத்துவிட்டால், அடுத்த தடவை விண்டோஸ் துவங்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பது போனது போனதுதான். நீங்களாகப் பிட்லாக்கர் போட்ட ஞாபகம் இல்லாவிட்டாலும் பாருங்கள், புதிய மெஷின்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருப்பதுண்டு.

கேள்வி: பூட் வரிசையை மாற்றிச் சேமித்தாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. கடிகாரமும் பல வருடம் பின்னால் போய்விடுகிறது.

பதில்: போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பவர் கேபிளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுங்கள், எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கட்டும்.

கேள்வி: அதே பென்டிரைவ் சில நாள் பூட் ஆகிறது, சில நாள் ஆவதில்லை.

பதில்: கேபினெட்டின் முன்பக்கத்தில் செருகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து போர்டுக்கு ஒரு நீளமான ஒயர் போகிறது, அதன் இணைப்பு தளர்ந்திருக்கலாம். பின்பக்கம், போர்டிலேயே பதிந்திருக்கும் கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். யூஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றிவிடுங்கள். அதிலும் ஒருநாள் ஆகி ஒருநாள் ஆகாவிட்டால் பென்டிரைவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றில் எழுதுங்கள்.