இண்டிகேட்டர் போட்டும் ஏன் இடிக்க வருகிறார்கள்?

டூவீலர் ஓட்டுபவர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: சிக்னல், வெளிச்சம், அடுத்தவர் கண்ணில் படுவது. இருபத்தைந்து வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வண்டி பழகுபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் எத்தனை நூலிழைத் தப்பல்கள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த முறை முழுக்க இதற்கே.

ஆபீஸ் விட்டு வரும்போது எங்கள் தெருவுக்குள் ரைட் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புகிறேன். ஆனாலும் பின்னால் வருபவர்கள் வலது பக்கமாகவே ஏறி வருகிறார்கள். போன வாரம் ஒரு கார் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. தப்பு யார்மேல்?
– வங்கி ஊழியர், திருச்சி

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தப்பு அந்தக் கார்காரர்மேல்தான். ஆனால் அடி படப்போவது உங்களுக்கு. அதனால் உங்கள் பக்கம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

எத்தனை நொடி முன்னால் இண்டிகேட்டர் போடுகிறீர்கள்? என்னிடம் பழக வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டைவிரலால் ஸ்விட்சைத் தள்ளுவதும் ஹேண்டிலை ஒடிப்பதும் ஒரே நேரத்தில்தான். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை அடிக்கும். அதாவது நொடிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. திரும்பும்போதே போட்டால் பின்னால் வருபவர் பார்ப்பது ஒரே ஒரு மினுக்கல். அதைப் பார்த்து, புரிந்துகொண்டு, அவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள் நீங்கள் அவருக்குக் குறுக்கே நிற்பீர்கள்.

குறைந்தது 3 நொடி வேண்டும். நான் 5 நொடி என்று சொல்லிக்கொடுக்கிறேன். 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. 5 நொடி என்றால் 55 மீட்டர். உங்கள் தெருவுக்கு அந்தத் தூரத்தில் ஒரு டீக்கடையோ, ஒரு மரமோ இருக்கும். அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அது வந்ததும் விரல் தானாகப் போக வேண்டும். நடுவில் வேறொரு தெரு இருந்தால் அதைத் தாண்டியபிறகு போடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தெருவுக்குள்தான் போகிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

அப்புறம், இடது ஓரத்திலிருந்தே நேராக வலது பக்கம் வெட்டாதீர்கள். உங்கள் வலது பக்கம் காலியாக இருக்கும்வரை அதில் யாராவது ஏறத்தான் செய்வார்கள். கண்ணாடியைப் பாருங்கள், இண்டிகேட்டர் போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையின் நடுப்பக்கம் நகருங்கள். அந்த இடம் உங்களுடையதானால் பின்னால் வருபவருக்கு இடப்பக்கம் போவதுதான் வழி. வேகத்தைக் கியரில் மட்டும் குறைத்தால் பின்னால் பிரேக் லைட் எரியாது. பிரேக் லிவரை லேசாக இரண்டு தடவை தொட்டுவிடுங்கள். கடைசியாக, ஹேண்டிலைத் திருப்புவதற்கு முன் தலையைத் திருப்பி வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. கண்ணாடியில் விழாத கார் அங்கேதான் இருக்கும். ‘இண்டிகேட்டர் போட்டுவிட்டேன், இனி அவர் பாடு’ என்று மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். இண்டிகேட்டர் போடுவது வழி கேட்பது. வழி கிடைத்ததா என்பதை அந்தப் பார்வைதான் சொல்லும்.

பைக்கில் நாலு இண்டிகேட்டரையும் எல்.ஈ.டி.யாக மாற்றினேன். இப்போது படபடவென்று அடிக்கிறது. லெஃப்ட் போட்டால் சில நேரம் நாலும் சேர்ந்து எரிகிறது. வயரிங் தப்பா?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

இரண்டு தனித்தனிக் கோளாறுகள், தம்பி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எல்.ஈ.டி. இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு.

பழைய பல்ப் ஒன்று 10 வாட். ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து 20 வாட். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைப்பது பிளாஷர் ரிலே. வண்டியோடு வந்த ரிலே அந்த அளவை எதிர்பார்க்கிறது. எல்.ஈ.டி. ஒன்றோ இரண்டோ வாட்தான் எடுக்கும். ரிலே ‘ஒரு பல்ப் போய்விட்டது’ என்று எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கிறது. சூடாகி வளையும் தகடு உள்ள பழைய வகை ரிலேயாக இருந்தால் அடிக்கவே அடிக்காமல் நின்று எரியும். எல்.ஈ.டி.க்கென்று விற்கும் எலக்ட்ரானிக் ரிலே ஒன்றை மாற்றினால் முடிந்தது. வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய் எத்தனை பின், எந்த வயர் எந்தப் பின்னில் என்று ஒத்துப்பாருங்கள். ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நன்றாகவே சூடாகும், பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் வைத்தால் உருகும். எனக்கு அதில் விருப்பமில்லை.

நாலும் சேர்ந்து எரிவதற்குக் காரணம் மீட்டரில் இருக்கும் ஒற்றைப் பைலட் பல்ப், அதாவது இண்டிகேட்டர் போட்டிருப்பதை உங்களுக்குக் காட்டும் சின்ன விளக்கு. பல வண்டிகளில் அது லெஃப்ட் லைனுக்கும் ரைட் லைனுக்கும் நடுவே மாட்டியிருக்கும். லெஃப்ட் போட்டால் கரண்ட் பைலட் பல்ப் வழியாகப் போய் ரைட் பக்க பல்புகளின் வழியே எர்த்தாகும். அந்தச் சின்னக் கரண்டில் பழைய பல்ப் எரியாது, எல்.ஈ.டி. எரிந்துவிடும். ஒவ்வொரு லைனிலிருந்தும், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு ஒன்றின் வழியாகப் பைலட் பல்புக்குக் கொடுத்து, அதன் மறுமுனையை எர்த்தில் மாட்டினால் சரியாகும். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். லென்ஸைக் கறுப்பாக மாற்றியிருந்தால் பழையதையே மாட்டுங்கள். இண்டிகேட்டர் ஆரஞ்சு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. மத்தியான வெயிலில் கறுப்புக் கண்ணாடிக்குள் எரிவது பத்தடி தள்ளி நிற்பவருக்கே தெரியாது.

திரும்பியபிறகு இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிடுகிறேன். யாராவது கைகாட்டினால்தான் நினைவு வருகிறது. என்ன செய்வது?
– இல்லத்தரசி, மதுரை

முகம் தெரியாதவர்கள் ஐந்து விரலையும் மடக்கி விரித்துக் காட்டுவதும், “அக்கா, இண்டிகேட்டரு!” என்று கத்திவிட்டுப் போவதும் நம் ஊர்ச் சாலையில் இருக்கும் நல்ல பழக்கம். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு லாரியை ஓவர்டேக் செய்துவிட்டு இடது பக்கம் வந்தேன். லெஃப்ட் இண்டிகேட்டர் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் ஒரு மண் ரோடு. அதன் வாயில் ஒரு வேன் நின்றது. நான் அந்த ரோட்டுக்குள் வரப்போகிறேன் என்று நம்பி வேன்காரர் நிதானமாக வெளியே வந்தார். நான் இரண்டு பிரேக்கையும் பிடித்து, சரளையில் சறுக்கி, வேன் கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். கோபமாக வாய் திறந்தவன் மீட்டரைக் குனிந்து பார்த்தேன். பச்சை விளக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

போடாத இண்டிகேட்டரைவிட அணைக்காத இண்டிகேட்டர் மோசம் என்று அன்று புரிந்தது. போடாதவனைக் கண்டால் அடுத்தவர் சந்தேகத்தோடாவது இருப்பார். பொய்யாக அடிப்பதை நம்பி வந்துவிடுவார்.

உங்களுக்கு இரண்டு வழி. இண்டிகேட்டரோடு சேர்ந்து ‘கீக் கீக்’ என்று கத்தும் பஸர் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, எந்தத் திருப்பம் முடிந்ததும் கட்டைவிரல் ஒரு தடவை ஸ்விட்சை அழுத்தட்டும், போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். ஏற்கெனவே அணைந்திருந்தால் அழுத்துவதால் ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் விடாமல் செய்தால் விரலுக்குப் பழகிவிடும்.

இதையே திருப்பிப் போட்டும் பாருங்கள். எதிரே வருபவரின் இண்டிகேட்டரை நம்பித் தெருவிலிருந்து வெளியே வராதீர்கள். அவர் முன்சக்கரம் திரும்புகிறதா, வேகம் குறைகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நாலு ரோடு சந்திப்பில் நேராகப் போக ஹசார்டு (நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக அடிப்பது) போடலாமா? என் நண்பர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.
– கோயம்புத்தூர்

வேண்டாம். உங்கள் வலப்பக்கம் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் வலது பல்புகள்தான் தெரியும். நீங்கள் ரைட் திரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். இடப்பக்கம் நிற்பவர் லெஃப்ட் என்று எடுத்துக்கொள்வார். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் வேண்டாம். வண்டி பழுதாகி ஓரத்தில் நிற்கும்போது ஹசார்டு போடுங்கள், அதற்குத்தான் அது. மழையில் ஓடிக்கொண்டே போடுவதும் தப்பு. போட்டுவிட்டால் திரும்புவதைச் சொல்ல உங்களிடம் வேறு விளக்கு கிடையாது.

புது ஸ்கூட்டரில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியவில்லை. பகலில் எல்லோரும் “லைட் எரியுது” என்கிறார்கள். பேட்டரி போய்விடாதா? இதனால் உண்மையில் பயன் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, கோளாறு இல்லை. 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் தயாராகும் டூவீலர்கள் எல்லாமே இப்படித்தான். இன்ஜின் ஓடும்போது அது உற்பத்தி செய்யும் மின்சாரமே விளக்குக்குப் போதும், பேட்டரி தீராது.

பயன் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2004ல் வெளிவந்தது. பகலில் ஹெட்லைட் எரியவிட்டவர்களுக்குக் காயம் ஏற்படுத்தும் விபத்தின் அபாயம் 27 சதவீதம் குறைவாக இருந்தது. பளிச்சென்ற அல்லது ஒளி பிரதிபலிக்கும் உடுப்பு அணிந்தவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. ஹெல்மெட் வாங்க வரும் பிள்ளைகள் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்புதான் கேட்கிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தம்.

ஏன் கண்ணில் படுவதில்லை என்பதையும் கேளுங்கள். நேரே நம்மை நோக்கி வரும் பைக் ஒரு மெல்லிய கோடு. பக்கவாட்டில் நகராததால் கண் அதைச் சாலையோரக் கம்பத்தோடு கம்பமாகச் சேர்த்துவிடுகிறது. கிட்டே வந்ததும் திடீரென்று பெரிதாகும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை அலசி 1981ல் வெளியான ஹர்ட் அறிக்கை, வேறு வண்டியோடு மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் அந்த வண்டிக்காரர் பைக்குக்குரிய வழியைப் பறித்திருந்தார் என்று சொல்கிறது. பைக்கைக் கவனிக்காததே முக்கியக் காரணம்.

ஹெட்லைட் டிம்மிலேயே இருக்கட்டும். ‘இன்னும் நன்றாகத் தெரியுமே’ என்று பிரைட் போட்டால் எதிரே வருபவர் கண் கூசி உங்கள் இண்டிகேட்டரையே பார்க்க மாட்டார்.

விடியற்காலை நாலு மணிக்குப் பால் எடுத்துப் போகிறேன். கேன் தொங்குவதால் பின்னால் இண்டிகேட்டரே தெரிவதில்லை என்று மகன் சொல்கிறான்.
– பால் வியாபாரி, ஈரோடு மாவட்டம்

மகன் சொல்வது சரி. ஒருநாள் இருட்டில் கேனை மாட்டி, இண்டிகேட்டரையும் பிரேக்கையும் போட்டுவிட்டு இருபது அடி பின்னால் போய் நின்று நீங்களே பாருங்கள். அநேகமாக இரண்டு கறுப்பு உருளைகள்தான் தெரியும்.

கேன் மாட்டும் இரும்புச் சட்டத்தின் பின் நுனியில் ஒரு பட்டையைப் பற்றவைத்து, இண்டிகேட்டர் இரண்டையும் அங்கே நகர்த்தச் சொல்லுங்கள். கேனைவிட வெளியே தெரிய வேண்டும். வயரை நீட்டும்போது முடிச்சுப் போட்டு டேப் சுற்றுவதோடு விடக்கூடாது, பனியும் பாலும் இறங்கிப் பச்சை பூத்துவிடும். வயரை ஈயத்தால் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் (உறை) போடச் சொல்லுங்கள். பிரேக் லைட்டையும் அதேபோல் வெளியே கொண்டுவர வேண்டும். கேனின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பக்கவாட்டில் மஞ்சள், லாரிக்கு ஒட்டுவது போலவே. பல்ப் போனாலும் ஸ்டிக்கர் போகாது. கேன் கழுவும்போது அதையும் துடையுங்கள்.

சேலைத் தலைப்பு, மழைக்கோட்டின் வால், ஸ்கூல் பை என்று எது பின்விளக்கை மறைத்தாலும் இதே கதைதான்.

முன்னால் போகும் லாரி ரைட் இண்டிகேட்டர் போட்டால் ‘ஓவர்டேக் பண்ணு’ என்று அர்த்தமா?
– விற்பனைப் பிரதிநிதி, விழுப்புரம்

சில டிரைவர்கள் அந்த அர்த்தத்தில் போடுகிறார்கள். சிலர் நிஜமாகவே ரைட் திரும்பப் போடுகிறார்கள். லாரி திரும்பும்போது பக்கத்தில் இருந்தால் பிழைப்பது கஷ்டம். சாலை காலியாக இருப்பதை உங்கள் கண்ணால் பார்த்தால் ஒழிய ஏறாதீர்கள். லாரியின் சைடு கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

என் பழைய மொபெட்டில் இண்டிகேட்டர் இல்லை. கை காட்டினால் போதுமா?
– விவசாயி, புதுக்கோட்டை

கை காட்டுங்கள். ரைட் திரும்ப வலது கையை நேராக நீட்டி உள்ளங்கையை முன்பக்கம் வைக்க வேண்டும். லெஃப்டுக்கு அதே வலது கையை நீட்டி இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் ஆட்ட வேண்டும். வலது கையில்தான் ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும் இருக்கின்றன. அதனால் முன்னதாகவே காட்டிவிட்டு, கையை ஹேண்டிலில் வைத்தபிறகு திரும்புங்கள். இருட்டில் கை தெரியாது. இரவில் ஓட்டுவதாக இருந்தால் இண்டிகேட்டர் செட் மாட்டிவிடுங்கள்.

தினமும் காலையில் மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போய், மாலையில் திரும்புகிறேன். இரண்டு வேளையும் வெயில் முதுகில்தான், கண் கூசுவதில்லை. ஆனாலும் எதிரே வருபவர்கள் நான் இருப்பதே தெரியாததுபோல் ஓவர்டேக் எடுத்து என் பக்கம் ஏறுகிறார்கள். ஏன்?
– அலுவலக உதவியாளர்

பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறதம்மா. வெயில் உங்கள் முதுகில் என்றால் எதிரே வருபவரின் கண்ணில். காலையில் நீங்கள் மேற்கே போகிறீர்கள், மாலையில் கிழக்கே. இரண்டு வேளையும் நீங்கள் அவருக்குச் சூரியனுக்குள்ளிருந்து வருகிறீர்கள். உங்கள் ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

உங்கள் நிழலைப் பாருங்கள். அது வண்டிக்கு முன்னால் நீளமாக விழுந்தால், எதிரே வரும் யாருக்கும் நீங்கள் தெரியவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். இடது ஓரத்தில் ஒதுங்க இடம் விட்டு, வேகத்தைக் குறைத்துப் போங்கள். ரைட் திரும்ப வேண்டிய இடத்தில் இண்டிகேட்டரை நம்பிக் குறுக்கே போகாமல், இடப்பக்கம் நின்று சாலை காலியானதும் கடந்துவிடுங்கள். முடிந்தால் காலையில் அரை மணி நேரம் தள்ளிக் கிளம்புங்கள். வெயில் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.