காவலர் தேர்வில் தேறிய பின் வரும் முன்நடத்தை விசாரணை: ஒரு தாயாருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

தங்கள் மகன் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேறியிருப்பது மிகுந்த மகிழ்ச்சி. கல்லூரி முதலாண்டில் ஊர்த் திருவிழாத் தகராறு ஒன்றில் பதிவான எஃப்.ஐ.ஆரில் அவர் பெயரும் சேர்ந்ததாகவும், புகார் கொடுத்தவரே தம் வாக்குமூலத்தை மாற்றிப் பிறழ்சாட்சி ஆனதால் வழக்கு விடுதலையில் முடிந்ததாகவும், ஆகவே நியமனத்துக்கு முன் காவல்துறை நடத்தும் முன்நடத்தை விசாரணைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் அதைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று உறவினர் ஒருவர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

படிவம் கேட்கும் கேள்வியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் இத்தகைய படிவங்கள் கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, பிணைப்பத்திரம் எழுதி வாங்கப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா, ஏதேனும் வழக்கு நிலுவையில் உள்ளதா என்று பொதுவாகத் தனித்தனியே கேட்கும். விடுதலையானவர் தண்டனைக் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதலாம். வழக்குத் தொடரப்பட்டதா என்ற கேள்விக்கு அப்படி எழுத முடியாது. விசாரணைக்கு வருவது உள்ளூர்க் காவல் நிலையம். அதன் பதிவேட்டிலேயே இருக்கும் வழக்கை அதனிடமிருந்தே மறைத்துவிடலாம் என்று எண்ணுவது வீண்.

கசப்பாக இருந்தாலும் தாங்கள் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(பி) விதிப்படி, நேரடி நியமனம் பெறுபவர் காவல் சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும். சந்தேகத்தின் பலனை அளித்தோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று அதன் விளக்கம் கூறுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் மணிகண்டன் வழக்கில் இந்த விதியை உறுதிசெய்தது. எனவே உண்மையை எழுதினால் வேலை நிச்சயம் என்று தங்களுக்கு நான் வாக்களிக்க இயலாது. சிறு கைகலப்பில் பெயர் சேர்க்கப்பட்ட இளைஞரையும் பெருங்குற்றவாளியையும் இந்த விளக்கம் ஒரே தட்டில் வைக்கிறது என்பதே என் கருத்து. ஆயினும் விதி நடைமுறையில் இருக்கும்வரை அதை வைத்துத்தான் நாம் திட்டமிட வேண்டும்.

அப்படியானால் உண்மையை எழுதி என்ன பயன் என்று கேட்பீர்கள். அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016-இல் வகுத்த நெறிகளின்படி, உண்மையைச் சொன்னவரையும் அவருடைய முன்நடத்தையை ஆராய்ந்து நிராகரிக்கும் உரிமை நியமன அதிகாரிக்கு உண்டு. ஆனால் அவ்வாறு ஆராயும்போது வழக்கின் தன்மை, விடுதலைக்கான காரணம், விண்ணப்பதாரரின் வயது ஆகியவற்றைப் பற்றி வாதாட நமக்கு இடமிருக்கும். மறைத்துவிட்டாலோ, வழக்கு எவ்வளவு அற்பமானதாயினும், பொய்த் தகவல் தந்தார் என்பதே தனிக் காரணமாகிவிடும். பணியில் சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் வேலை பறிபோகலாம். இளவயதில் கோஷமிட்டது போன்ற சிறு வழக்கை மறைத்ததை மன்னிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. அந்தக் கருணையை நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கலாகாது.

இப்போது முதல் வேலையாக, விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். மகனின் விடுதலை சந்தேகத்தின் பலனாலோ பிறழ்சாட்சியாலோ வந்ததா, கௌரவமானதா என்பதற்கு அதன் கடைசிப் பத்திகளில்தான் விடை இருக்கிறது. சாட்சிகளை முழுமையாக விசாரித்து, குற்றச்சாட்டை மெய்ப்பிக்க அரசுத் தரப்பு அடியோடு தவறியது என்று நீதிபதி முடிவுசெய்திருந்தால், அதைக் கௌரவமான விடுதலை எனலாம் என்று சமுத்திரம் என்னும் தமிழகக் காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் விளக்கியுள்ளது. வாய்வழியாகக் கேள்விப்பட்டதை நம்பாமல், அந்தப் பத்திகளை அரசுப் பணி தொடர்பான வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவதாக, சம்பவத் தேதியையும் மகனின் பிறந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லூரி முதலாண்டு என்பதால் அவருக்கு அன்று 18 வயது நிறையாமல் இருந்திருக்கலாம். அவ்வாறெனில் நிலைமையே வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குழந்தையாக இருந்தபோது நேர்ந்த குற்றத்தால் பிற்காலத்தில் தகுதியிழப்பு வரக்கூடாது என்கிறது; 16 வயது கடந்து கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. சம்பவத்தின்போது தாம் சிறார் என்ற கோரிக்கையை வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம். படிவத்தை ஒப்படைக்கும் முன்னரே இதை வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

மகனுடன் சேர்ந்து தேர்வான நண்பர்களில் எவருக்கேனும் வழக்கு நிலுவையில் இருந்தால், அவர்கள் அதை விரைவாக முடிக்க முயலட்டும். சரிபார்ப்புக்குப் பின் கௌரவமாக விடுதலையானாலும் அடுத்த தேர்வில் மீண்டும் பங்கேற்றே உரிமை கோர முடியும் என்பதால், வயது வரம்பு அதற்குள் கடந்துவிடக் கூடும்.

படிவத்தை மகனே தம் கையால் நிரப்பட்டும். குற்ற எண், காவல் நிலையம், நீதிமன்றம், தீர்ப்பு நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, தீர்ப்பு நகலை இணைத்து, தங்கியிருந்த விடுதி முகவரி உட்பட எல்லா முகவரிகளையும் குறிப்பிட வேண்டும். ஒப்படைக்கும் முன் முழுப் படிவத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிராகரிப்பு ஆணை வந்து உயர் நீதிமன்றத்தை நாட நேர்ந்தால், எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. முடிவு வரும்வரை மற்ற அரசுத் தேர்வுகளுக்கான படிப்பை அவர் நிறுத்த வேண்டாம்.