கிறிஸ்டியானியாவுக்கு மகளை அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஆகஸ்ட் மாதம் கணவரின் அலுவலக வேலையாக டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் போகிறோம். 11 வயது மகளும் கூட வருகிறாள். அங்கே உள்ள கிறிஸ்டியானியா என்ற ‘ஹிப்பி ஊரை’ப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. கஞ்சா, துப்பாக்கிச்சூடு என்று சொல்லி உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். போகலாமா? எப்படி நடந்துகொள்ள வேண்டும்? சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகப் போகலாம், மகளையும் அழைத்துக்கொண்டே. பகலில் போங்கள். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இந்த இரண்டும்தான் முக்கியம்.

உறவினர்கள் சொல்வது கட்டுக்கதையல்ல. புஷர் ஸ்ட்ரீட் என்ற தெருவில் பல்லாண்டுகளாகக் கஞ்சா வெளிப்படையாக விற்றது. அந்த வியாபாரம் மெல்ல மெல்ல வெளிக் கும்பல்களின் கைக்குப் போனது. 2023 ஆகஸ்டில் அங்கே நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தனர். இனி பொறுப்பதில்லை என்று முடிவெடுத்த குடியிருப்பாளர்களே 2024 ஏப்ரல் 6 அன்று கூடி, அந்தத் தெருவின் கற்களைப் பெயர்த்தெடுத்தார்கள். கடைகள் போய்விட்டன. ஆனாலும் யாராவது காதோரம் வந்து ‘வேண்டுமா’ என்று கேட்கக்கூடும். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். டென்மார்க்கில் கஞ்சா சட்டவிரோதம்தான். கையில் கொஞ்சம் இருந்து பிடிபட்டாலும் அபராதம் உண்டு. வழக்கு என்று பதிவானால் ஐரோப்பா போக அடுத்து எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கும் சிக்கல் வரலாம். முன்பின் தெரியாதவர்கள் நீட்டும் கேக், பிஸ்கட்டையும் தொடாதீர்கள். இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இடத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறும். அது ராணுவம் காலி செய்துவிட்டுப் போன பாசறை, சுமார் 34 ஹெக்டேர், அதாவது 84 ஏக்கர். வீடில்லாத இளைஞர்களும் கலைஞர்களும் 1971-இல் உள்ளே குடியேறினார்கள். செப்டம்பர் 26-ஐ அவர்கள் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அரசோடு நாற்பதாண்டு இழுபறிக்குப் பிறகு, 2012-இல் குடியிருப்பாளர்களின் அறக்கட்டளை நிலத்தின் ஒரு பகுதியை அரசிடமிருந்து வாங்கியது. இன்றைக்கும் தனி ஆளுக்கு வீடு சொந்தமில்லை, விற்கவும் முடியாது. மாதக் கட்டணம் பொதுநிதிக்குப் போகிறது. பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவார்கள். ஹெராயின் போன்ற கடும் போதைப்பொருள்களை 1979-லேயே அவர்களாகத் திரண்டு ஊரைவிட்டு வெளியேற்றியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒரு கூட்டு வாழ்க்கையைக் காப்பாற்றி வருவது சின்ன விஷயமில்லை. அதைக் கஞ்சாத் தெரு என்று மட்டும் நினைவு வைத்துக்கொள்வது அந்த மக்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

போகும் வழி சுலபம். மெட்ரோவில் எம்1 அல்லது எம்2 பிடித்து கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் நிலையத்தில் இறங்குங்கள். நகர மையத்தின் கொங்கென்ஸ் நியூடோர்வ் நிலையத்திலிருந்து அடுத்த நிறுத்தமே அதுதான். அங்கிருந்து பத்து நிமிட நடை. நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 11 மணிக்குப் போனால் இரண்டரை மணி நேரம் நிதானமாகச் சுற்றலாம். குடியிருப்பாளர்களே நடத்தும் வழிகாட்டி நடை ஒன்று உண்டு. கோடையில் தினமும், மற்ற மாதங்களில் சனி, ஞாயிறுகளில், பிற்பகல் 3 மணிக்குப் பிரதான வாசலில் தொடங்குவது வழக்கம். ஆங்கிலத்திலேயே பேசுவார்கள். நேரத்தை மட்டும் முந்தின நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளின் கேள்விகளுக்கு அங்கே வாழ்கிறவர் வாயால் பதில் கிடைப்பதுதான் நல்லது.

பலர் செய்யும் தவறு, முதல் நூறு இருநூறு மீட்டரில் சுவரோவியங்களையும் பீர்க் கடைகளையும் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடுவது. கூட்டமும் புகையும் அங்கேதான். அதைத் தாண்டி நீர்க்கரைப் பக்கம் நடங்கள். 17-ஆம் நூற்றாண்டில் நகரத்தைக் காக்க எழுப்பிய மண் கொத்தளமும் அகழியும் இன்று மரங்கள் அடர்ந்த கரையாகக் கிடக்கின்றன. பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனால் டிஸ்ஸென் என்ற பகுதி. பழைய ஜன்னல்களை ஒட்டுப்போட்டுக் கட்டிய கண்ணாடி வீடு முதலாக, அவரவர் கையால் எழுப்பிய வீடுகளை இந்த நீர்க்கரைகளில் காணலாம். கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்த நடை ஒன்றே போதும். முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கரச் சைக்கிள்களும் கண்ணில் படும். 1984-இல் இங்கே ஒரு பட்டறையில் பிறந்த வண்டி அது. இன்று கோபன்ஹேகன் முழுக்கப் பெற்றோர் பிள்ளைகளை அதில்தான் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறார்கள்.

நடந்துகொள்ளும் முறை: புஷர் ஸ்ட்ரீட் இருந்த பகுதியில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், ஓடாதீர்கள். போலீஸ் சோதனை வரும்போதுதான் அங்கே ஆட்கள் ஓடுவார்கள் என்பதால், யாராவது ஓடினால் பதற்றம் பரவும். மகளிடமும் சொல்லுங்கள். மற்ற இடங்களில் படம் எடுக்கலாம். ஆனால் ஆட்கள், குழந்தைகள், வீட்டு ஜன்னல் என்றால் கேட்டுவிட்டே எடுங்கள். வேலி இல்லை என்பதால் பல முற்றங்கள் பொதுவழி போலத் தோன்றும். துணி காய்ந்தால், பிள்ளைகளின் பொம்மை கிடந்தால் அது ஒருவரின் வீடு, ஒதுங்கிப் போங்கள். கார்கள் கிடையாது, ஆனால் சைக்கிள்கள் வேகமாக வரும். நாய்கள் கயிறில்லாமல் திரியும். மண் பாதைகளுக்குச் செருப்பைவிட ஷூ நல்லது. இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மோர்யென்ஸ்டெடெட் என்ற சிறிய சைவ உணவகம் உள்ளேயே இருக்கிறது. சூப், சாலட், அன்றைக்குச் செய்த ஏதாவது ஒரு சூடான உணவு கிடைக்கும். அவர்கள் சைவம் என்றால் மீனும் இறைச்சியும் இல்லை என்றுதான் பொருள். முட்டை வேண்டாம் என்றால் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாக்குக்குக் காரம் குறைவாகத்தான் இருக்கும்.

பணத்தில் ஓர் எச்சரிக்கை. சிறு கடைகளில் ‘மொபைல்பே’ என்ற கைப்பேசிச் செயலியில் பணம் கேட்பார்கள். டென்மார்க் வங்கிக் கணக்கு இல்லாத பயணிக்கு அது உதவாது. கார்டோடு சில நூறு குரோனர் ரொக்கமும் வைத்திருங்கள். இந்தியாவில் நாணயம் மாற்றும்போது பாலம் அச்சிட்ட நோட்டுகளை மட்டும் வாங்குங்கள். 1000 குரோனர் நோட்டும், பாலத்துக்கு முந்தைய வரிசை நோட்டுகள் எல்லாமும் 2025 மே 31-க்குப் பிறகு செல்லாது. தெரியாமல் தலையில் கட்டிவிட்டால் அங்கே வங்கியிலும் மாற்ற முடியாது.

நேரம் மிச்சமிருந்தால், திரும்பும் வழியில் வோர் ஃப்ரெல்சர்ஸ் தேவாலயக் கோபுரத்தில் ஏறலாம். மொத்தம் 400 படிகள், கடைசி 150 கோபுரத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு போகும். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்கள் கீழேயே இருந்துவிடலாம். கட்டணம் உண்டு, ஆகஸ்டில் கூட்டமும் அதிகம். அதனால் நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.