"இது வெறும் செடிதானேம்மா" என்று கேட்கும் பையனுக்கு என்ன பதில்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகனுக்கு 20 வயது, இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். போன வாரம் துவைப்பதற்காக அவன் பையைக் காலி செய்தபோது செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்று கிடைத்தது. கஞ்சா. கேட்டதும் ஒத்துக்கொண்டான். "இது வெறும் செடிம்மா. முன்னாடி அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து விக்க விட்டுது. அமெரிக்காக்காரன் சொன்னான்னு 1985ல தடை பண்ணிட்டாங்க. கனடாவுல இப்ப கடையிலேயே வாங்கலாம்" என்கிறான். அவன் சொல்வது உண்மையா? இங்கேயும் அனுமதித்துவிடலாம் என்கிறார்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பொட்டலத்தை என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அவன் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பதில்: அம்மா, முதலில் அந்தப் பீரோவைத் திறங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சட்டத்தின் பார்வையில் பொருள் யார் கைவசம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்றைக்கு அது உங்கள் பீரோவில், உங்கள் சாவிக்குள் இருக்கிறது. தெரிந்தே வீட்டில் வைத்திருக்க இடம் கொடுத்தவர்மீது வழக்குப் போடவும் போதைப்பொருள் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. வழக்கோ விசாரணையோ எதுவும் இல்லாத இந்த நேரத்திலேயே, உங்கள் கண் முன்னால் அவன் கையாலேயே கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

சரி, அவன் சொன்ன சரித்திரத்துக்கு வருவோம். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறான். அதை மறுத்துப் பேசினால் உங்கள்மேல் இருக்கிற நம்பிக்கைதான் போகும்.

1893இல் பிரிட்டிஷ் அரசு கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டார்கள். மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கெடுதல் இல்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் லைசென்ஸும் போட்டுக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்று முடித்தார்கள். அளவு மீறினால் கெடுதல்தான் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பையன்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

தடைக்கு அமெரிக்கா மட்டும் காரணமல்ல. 1925இல் ஜெனீவாவில் நடந்த அபின் மாநாட்டில் கஞ்சாவையும் சேர்க்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றது எகிப்து. அமெரிக்காவின் பங்கு அதன் பிறகு பெரிதானது. 1930இல் போதைப்பொருள் துறைக்குத் தலைவரான ஹாரி ஆன்ஸ்லிங்கர், மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களையும் கறுப்பின மக்களையும் கஞ்சாவோடு சேர்த்துப் பேசிப் பயத்தைக் கிளப்பினார். 'மரிஹுவானா' என்ற ஸ்பானிஷ் பெயர் ஊரெல்லாம் பரவியதும் அந்தப் பிரசாரத்தால்தான். 1937இல் வரிச் சட்டம் என்ற பெயரில் தடை வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதியே அதை எதிர்த்துச் சாட்சி சொன்னார், எடுபடவில்லை.

1961இல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஒப்பந்தம். இந்தியா கையெழுத்துப் போட்டது, ஆனால் இங்கே காலங்காலமாக இருந்த வழக்கத்தைக் காட்டி வாதாடியது. அதனால் இலைக்கு விலக்கு கிடைத்தது. பூவையும் பிசினையும் மருத்துவம் தவிர்த்த பயன்பாட்டிலிருந்து படிப்படியாக நிறுத்த 25 வருட அவகாசமும் கிடைத்தது. அந்த அவகாசம் முடிகிற நேரத்தில் ஹெராயின் இந்தியா வழியாகக் கடத்தப்பட்டுக்கொண்டிருந்தது. வெளி அழுத்தமும் சேர்ந்துகொள்ள, 1985 நவம்பர் 14 முதல் இன்றைய போதைப்பொருள் சட்டம் அமலுக்கு வந்தது. ஹெராயினுக்கும் கஞ்சாவுக்கும் ஒரே சட்டம்! இலையில் செய்கிற பாங் மட்டும் இன்றும் அதற்குள் வராது. 2022இல் நம் கர்நாடக உயர் நீதிமன்றமே ஒரு ஜாமீன் உத்தரவில் இதைச் சொல்லியிருக்கிறது.

ஆனால் அவன் பையில் இருந்த கஞ்சா, அந்தச் செடியின் பூ. அதற்கு இந்தச் சரித்திரம் எந்தக் கோர்ட்டிலும் காப்பு ஆகாது.

பெங்களூருவில் இந்த வழக்குகளைப் பார்க்கிற வக்கீல் நான். சில வருடங்களுக்கு முன்னால் வந்த ஒரு பையனை மறக்க முடியவில்லை. ஒரே வாடகை வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு ஐந்நூறு ரூபாயை போனிலேயே இவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள், இவன் போய் வாங்கி வந்திருக்கிறான். அறுபது கிராம்கூட இருக்காது. அரக்கு முத்திரை போட்ட உறையைக் கோர்ட்டில் பிரித்தபோது உள்ளே காய்ந்து தூளாகிப்போன ஏதோ ஒன்று, கூடவே நாலைந்து விதைகள். மற்ற மூவர்மீதும் பயன்படுத்திய குற்றம் மட்டும். இவன்மீது வாங்கியது, வைத்திருந்தது, கைமாற்றியது எல்லாம். நண்பர்களுக்காகக் கடைக்குப் போய் வந்ததாகத்தான் கடைசிவரை அவன் நினைத்துக்கொண்டிருந்தான். போனில் இருந்த பணப் பரிமாற்றம் வேறு கதை சொன்னது. வாய்தா வாய்தாவாக இரண்டு வருடம் ஓடியது. கைக்கு வந்த வேலை போலீஸ் சரிபார்ப்பில் நின்றுபோனது. அவன் அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் டிபன் பாக்ஸோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', தண்டனை ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் செடியின் பிசினான சரஸ் என்றால் சிறிய அளவு 100 கிராம்தான். இருபது கிலோ கஞ்சா வணிக அளவு. அதற்கு மேல் போனால் குறைந்தது பத்து வருடம். கையில் எதுவும் இல்லாமல் பயன்படுத்தியது மட்டும் நிரூபணமானாலும் ஆறு மாதம் வரை போடலாம். மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிற எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. அங்கே பல மாநிலங்கள் அனுமதித்திருந்தாலும் விசா கொடுப்பது மத்திய அரசு, மத்திய சட்டத்தில் தடை இன்னும் இருக்கிறது.

அனுமதிக்கலாமா என்று கேட்டீர்கள். பயன்படுத்துகிற பிள்ளையைச் சிறைக்கு அனுப்புவது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கஞ்சா கெடுக்காத வாழ்க்கையை வழக்கு கெடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்றம் என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, சிகிச்சைப் பக்கம் திருப்ப வேண்டும். 2020இல் ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்ற வாக்கெடுப்பில் இந்தியாவே ஆதரித்து வாக்களித்தது. உள்ளூர்ச் சட்டம்தான் அப்படியே நிற்கிறது.

கடை திறப்பது வேறு விஷயம். கனடா 2018இல் திறந்தது, வயது பார்த்து, வீரியம் அச்சிட்டு விற்கிறது. தாய்லாந்து 2022இல் அவசரமாகத் திறந்துவிட்டு 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. நம் ஊரில் பள்ளிக்குப் பக்கத்தில் சிகரெட் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும், விற்கிற கடைகளை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? அதைச் சரிசெய்யாமல் இன்னொரு கடைக்கு நான் கை தூக்க மாட்டேன்.

அதோடு, மூளை வளர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. அந்த வயதுக்குள் தினமும் புகைக்கிறவர்களுக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மனநோய் இருந்தால், மனச்சிதைவு வருகிற ஆபத்து கூடுகிறது. இப்போது கிடைக்கிற சரக்கில் வீரியமும் அதிகம். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி இருந்திருந்தால் அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்போதாவது ஒரு முறையா, தினமுமா என்பதை விசாரணை மாதிரி இல்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்தினால் தூக்கம் வரவில்லை, எரிச்சல் வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் உடம்பு பழகிவிட்டது. ஓசூர் ரோட்டில் இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்குத் தனிப் பிரிவே உண்டு. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நோயாளியின் விவரங்களைக் காக்கச் சிகிச்சை தருகிறவர்களுக்குச் சட்டப்படி கடமை இருக்கிறது. அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுதாக முடிக்கும் போதை நோயாளிக்கு, சிறிய அளவு வழக்கிலிருந்து விலக்கு தரப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது. ஆனால் வழக்கு வந்த பிறகு சிகிச்சை தேடுவதைவிட இப்போதே போவது எவ்வளவோ மேல்.

அவன் அப்பாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். அவனையே சொல்லச் சொல்லுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.